அமாவாசைக்கு மறுநாள் மொபெட் அனுப்பிய ப்ளானர்

இப்படி உட்கார்ந்து அனுபவம் எழுதுவதெல்லாம் ஓய்வு பெறுகிறவர்கள் செய்யும் வேலை என்று எனக்கும் தெரியும். எனக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. நான் ஓய்வு பெறுவது க்வெரி ப்ளானர் குழுவிலிருந்து மட்டும்தான். திங்கட்கிழமை முதல் மேல் மாடியில், ஸ்டோரேஜ் குழுவில் இருப்பேன். என் இடத்துக்கு வருகிற உங்களிடம் இரண்டு பொருள்களை ஒப்படைக்கிறேன். ஒன்று என் நாற்காலி. அதில் ஒரு சக்கரம் சரியில்லை, இடப்பக்கம் சாயாதீர்கள். இன்னொன்று இந்தக் கதை. இதிலும் ஒரு சக்கரம் சரியில்லாமல்தான் இருந்தது.

ப்ளானர் என்ன செய்கிறது என்று கல்லூரியில் படித்திருப்பீர்கள். அதை மறந்துவிட்டு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் விருந்தாளிகள் வந்து இறங்குகிறார்கள். வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். எத்தனை பேர் என்று யாரும் சொல்லவில்லை. ஒருத்தர் என்றால் மொபெட் போதும். ஒரு கூட்டம் என்றால் பஸ் பேசியாக வேண்டும். போய் எண்ணிப் பார்க்க நேரமில்லை, வீட்டில் இருந்தபடியே ஊகித்து வண்டியை அனுப்ப வேண்டும். ப்ளானரின் மொத்த வேலையும் இந்த ஊகம்தான். டேட்டாபேஸிடம் ஒரு கேள்வி கேட்டால், ‘இதற்கு எத்தனை பதிவுகள் வரும்’ என்று பழைய புள்ளிவிவரத்தை வைத்துக் கணித்து, அதற்கேற்ற வழியைத் தேர்ந்தெடுக்கிறது. ஒருத்தர்தான் வருகிறார் என்று மொபெட்டை அனுப்பி, அங்கே கல்யாண கோஷ்டியே இறங்கி நின்றால், மொபெட் சளைக்காது. ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு போய்ப் போய் வரும். அதைத்தான் வாடிக்கையாளர்கள் ‘ஸ்கிரீன் நின்னுபோச்சுங்க’ என்பார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த புகாரின் தலைப்பு இது: ‘அமாவாசைக்கு மறுநாள் ஸ்கிரீன் நிற்கிறது.’

எங்கள் டீம் லீட் அதை எல்லோருக்கும் கேட்கிறமாதிரி வாசித்தார். “பௌர்ணமிக்கு வேகமா ஓடுதான்னு கேளுங்க” என்றார். சிரித்தோம். அடுத்த அமாவாசைக்கும் அதே புகார். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிடச் சொன்னோம், சரியாகிவிட்டது. அதற்கடுத்த அமாவாசைக்கும் வந்தது, மறுபடி நிறுத்தி ஓடவிட்டார்கள், மறுபடி சரியாகிவிட்டது. நாங்கள் இங்கிருந்து உள்ளே நுழைந்து பார்க்கும்போதெல்லாம் அது நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டிருக்கும். டேட்டாவைக் காப்பி எடுத்து ஆபீசில் ஏற்றிப் பார்த்தோம். அதுவும் பறந்தது. புகாரை மூடிவிட்டோம்.

மூடிய மறுநாள் எனக்கு நேராகவே போன் வந்தது.

“நித்யாங்களா? மேட்டுப்பாளையத்துலிருந்து சுமதி பேசறேனுங்க. நாங்க கூப்புட்டா உங்க ஆபீசுல சிரிக்கறீங்களாமா?”

“இல்லீங்களே.”

“பொய் சொல்லாதீங்க. போன தடவ போனை வெக்கறதுக்கு முன்னாலயே சிரிச்சுப்போட்டாங்க. ஆம்பளக் கொரலு.”

லீட் அப்போது என் பக்கத்தில்தான் இருந்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

சுமதி ஓர் உருளைக்கிழங்கு மண்டி முதலாளியின் மகள். பி.காம். படித்தவர், என் வயதுதான். அந்த மண்டிக்கு வருகிற கிழங்கையெல்லாம் சீட்டில் எழுதி, ஒருவர் தொண்டை கிழியக் கத்தி ஏலம் விடுவதுதான் வழக்கமாக இருந்தது. அதை மாற்றி, எந்த வண்டி, யாருடைய கிழங்கு, எத்தனை மூட்டை என்று சுவரில் பெரிய டிவியில் வரிசையாக ஓடும்படி செய்தவர் இவர். பின்னால் ஓடுவது நம் டேட்டாபேஸ். டிவி நின்றால் ஏலம் நிற்கும்.

“இன்னொரு தடவ நின்னுதுன்னா டிவியக் கழட்டிப்போட்டு பழையபடி சீட்டுக்கே போயிரலாம்னு அப்பா சொல்லிப்போட்டாருங்க. டிவியோட நானும் ஊட்டுக்குப் போகோணும். எங்க சித்தப்பா பையன் அந்தச் சேருல உக்காரக் காத்துட்டு இருக்கறான்.”

“அப்பாவுக்கு உங்க மேல நம்பிக்கை இல்லீங்களா?”

“எம் மேல இருக்குதுங்க. டிவி மேலதான் இல்ல. ரெண்டும் ஒண்ணுன்னு அவுரு நெனச்சுட்டு இருக்கறாரு.”

போனை வைத்ததும் லீட் என்னை டீக்கடைக்கு அழைத்துப்போனார். ப்ளானரின் ஊகிக்கும் பகுதியை எழுதியவர் அவர்தான். அதில் அவருக்கு ஒரு தாய்ப் பெருமை உண்டு. “நித்யா, அது நெட்வொர்க்கா இருக்கும், கரண்டா இருக்கும், எலி வயரக் கடிச்சிருக்கும். ப்ளானர்ல பக் இருந்தா, ஒரு சின்னத் தப்பு இருந்தாக்கூட, நான் மொட்டை போட்டுக்கறனுங்க” என்றார். அவருக்கு முடி நிறைய. தினமும் ஜெல் தடவி வாரியிருப்பார். டீ மாஸ்டர் உட்பட மூன்று பேர் சாட்சி.

எலி அமாவாசை பார்த்தா வயரைக் கடிக்கும்? ‘எப்போது’ என்பதை வாடிக்கையாளர் இவ்வளவு துல்லியமாகச் சொல்லும்போது அதைச் சிரித்துத் தள்ளக்கூடாது. ‘ஏன்’ என்று அவர்கள் சொல்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஆனால் ‘எப்போது’ என்பது தங்கம். சுமதியைத் திரும்பக் கூப்பிட்டேன்.

“அமாவாசைக்கு மண்டி லீவுங்களா?”

“லீவேதானுங்க. ஒரு மூட்டை எறங்காது.”

“ஞாயித்துக்கெழமையும் லீவுதானுங்களே. திங்கக்கெழம நிக்குதுங்களா?”

“அதெல்லாம் இல்லீங்க. திங்கக்கெழம குதிரையாட்ட ஓடும்.”

இதில்தான் மாட்டிக்கொண்டேன். இரண்டும் விடுமுறை. இயந்திரத்துக்கு அமாவாசை தெரியாது, ஞாயிறு தெரியாது, பதிவு வந்ததா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். இரண்டு நாளிலும் ஒரு மூட்டைகூட இறங்கவில்லை என்றால் இயந்திரத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒரே நாள். அப்படியானால் ஏதோ ஒன்று ஒரே மாதிரி இல்லை. அது என்ன என்று காந்திபுரத்தில் நம் ஆபீசில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அடுத்த அமாவாசை அன்று காலை மேட்டுப்பாளையம் பஸ் ஏறினேன். “பூஜைக்குப் போறீங்களா, டீபக்கிங்குக்குப் போறீங்களா?” என்று லீட் கேட்டார். அன்றைக்கு அந்தக் கேள்வியில் இருந்த உண்மை அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மண்டி காலியாகக் கிடந்தது. கழுவி விட்ட தரை, மூலையில் சாக்குக் கட்டு. கண்ணாடித் தடுப்புக்குள் நம் சர்வர். அதன் தலைக்கு மேல் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கின. முகப்பில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், குங்குமம். காற்று போகிற துவாரத்தை அடைத்துக்கொண்டு சரியாக அந்த இடத்தில் பொட்டு. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். நிற்பதற்குக் காரணம் சூடு இல்லை என்பதை ஏற்கனவே பார்த்தாகிவிட்டது.

சுமதியின் அப்பா வெள்ளை வேட்டியில் வந்தார். “வாங்க அம்மணி. எங்க பொட்டிக்கு வைத்தியம் பாக்க வந்தீங்களா? பூசை முடியட்டும். சுண்டல் சாப்புட்டுப்போட்டு பாருங்க” என்றார். கற்பூரம் காட்டினார். வெள்ளைப் பூசணியைச் சர்வருக்கும் டிவிக்கும் சேர்த்துச் சுற்றி, வாசலில் போட்டு உடைத்தார். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம். முடிந்தது என்று நினைத்தேன். அவர் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். கிழங்கு கொண்டு வந்தவர்: பிள்ளையார். எடை: ஒரு கிலோ. பொத்தானை அழுத்திவிட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு கிலோ கிழங்கு நிஜமாகவே தட்டில், பிள்ளையார் முன்னால் இருந்தது.

என் வாயில் சுண்டல் இருந்தது. மெல்லுவதை மறந்துவிட்டேன்.

“இது எப்பவும் போடுவீங்களாங்க?”

“எங்கய்யன் காலத்துலிருந்து வழக்கமுங்க. அமாவாசைக்கு மண்டி லீவு உட்டாலும் சாமி பேருல ஒரு சீட்டு எழுதிப்போடோணும். சீட்டு போயி பொட்டி வந்துபோட்டுது. அதுக்காக சாமிய உட்டுற முடியுங்களா? அதும் இது அடிக்கடி நிக்க ஆரம்பிச்சதுலிருந்து நான் ஒரு அமாவாசையக்கூட உடறதில்ல.”

நம் டேட்டாபேஸ் ஒவ்வொரு இரவும் ஒரு சின்ன வேலை செய்யும். எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்க நேரமாகும் என்பதால், கடைசியாகப் பதிவு விழுந்த நாளை மட்டும் எட்டிப் பார்த்து, ‘அன்றைக்கு எத்தனை பதிவு வந்ததோ நாளைக்கும் அத்தனை வரும்’ என்று குறித்துக்கொள்ளும். லீடின் சாமர்த்தியம் அது. ஞாயிற்றுக்கிழமை பதிவே கிடையாது. ஆகவே எட்டிப் பார்த்தால் சனிக்கிழமையின் கூட்டம் தெரியும், திங்கட்கிழமைக்குப் பஸ் பேசிவிடும். அமாவாசைக்கோ பதிவு உண்டு. ஒன்றே ஒன்று. கடைசி நாளில் வந்தவர் பிள்ளையார் மட்டும், எனவே நாளைக்கும் ஒருத்தர்தான் வருவார், மொபெட்டே போதும் என்று ப்ளானர் முடிவு கட்டிவிடும். மறுநாள் விடிந்தால் இரண்டு நாள் கிழங்கும் சேர்ந்து வந்து இறங்கும்.

மற்ற மர்மங்களும் வரிசையாக அவிழ்ந்தன. மதியத்துக்குள் நிறையப் பதிவு சேர்ந்துவிட்டதென்று டேட்டாபேஸ் தானாகவே முழுக்க எண்ணிக்கொள்ளும், சரியாகிவிடும். அதே நேரத்தில் நாங்கள் சர்வரை நிறுத்தி ஓடவிட்டதால் பேர் எங்களுக்குக் கிடைத்தது. காப்பி எடுத்து ஆபீசில் ஏற்றினால் ஏற்றும்போதே புதிதாக எண்ணிவிடும், அங்கே எப்படி நிற்கும்? குணமான நேரத்தில் பக்கத்தில் நின்ற மருந்தை நம்பாதீர்கள். பெரும்பாலும் அது சும்மா நின்றிருக்கும்.

சுமதியை வெளியே சாக்குக் கட்டுப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன்.

“அப்பொ அந்தச் சாமி பில்லு போடாம இருந்தா நிக்காதுங்களா?”

“நிக்காதுங்க.”

“அதய நீங்களே போயி எங்கப்பாகிட்டச் சொல்லுங்க பாக்கலாம். பூசை பண்றதாலதான் நிக்குதுன்னு. பொட்டிய, டிவிய, என்னைய, உங்களைய எல்லாத்தையும் ஒரே வண்டில ஏத்திருவாரு.”

லீடுக்குப் போன் செய்தேன். பக் ப்ளானரில்தான் என்றேன். “சரி, சாயங்காலம் இங்கிருந்தே அந்த ஒரு பதிவை டெலீட் பண்ணிரலாமுங்க. யாரு பாக்கப்போறாங்க?” என்றார்.

“பிள்ளையாரு பாப்பாருங்க.”

இந்த இடத்தில் நிறுத்திக் கேட்கிறேன், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? பதிவை அழிக்கலாம். அது அவருடைய சாமி, நம்முடைய டேட்டா இல்லை. பூஜையை நிறுத்தச் சொல்லலாம். ஒரு வாடிக்கையாளரின் வழக்கத்தைத் தாங்க முடியாத டேட்டாபேஸை விற்பதற்குப் பதில் நாம் சாக்கு விற்கலாம். சத்தமில்லாமல் விடியும் முன்பே முழுக்க எண்ணச் சொல்லிவிடலாம். என் கை அதற்குத்தான் துடித்தது. ஆனால் அப்படிச் செய்து மறுநாள் ஓடியிருந்தால் என் கையில் என்ன இருந்திருக்கும்? இன்னொரு ‘நிறுத்தி ஓடவிட்டோம், சரியாகிவிட்டது’. என் கதை அழகாக இருந்தது. அழகான கதைகளின் மேல் எனக்குச் சந்தேகம் அதிகம். அது தவறுகிற கணத்தில் ப்ளானரின் ஊகத்தை என் கண்ணால் பார்த்தாக வேண்டும். பார்த்த பிறகு, ஏலம் தொடங்கும் முன் எண்ணச் சொல்லிக் காப்பாற்றிவிடலாம்.

ஆனால் பணயம் என்னுடையதல்ல. அதனால் சுமதியிடமே கேட்டேன்.

“ஏலத்துக்கு முன்னால முடிஞ்சுருங்களா?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

“முடிஞ்சுருமுங்க.”

“முடியலீன்னா?”

“முடியலீன்னா நானும் உங்களோட ஊட்டுலயே உக்காந்துக்கறேன்.”

“சமைக்கத் தெரியுங்களா?”

“தெரியாதுங்க.”

“அப்பொ முடிச்சுருங்க” என்றார்.

அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். விடியும்போது மண்டியில் நடக்க இடமில்லை. லாரிகள் தெருமுனைவரை நின்றன. கேரளத்து வியாபாரிகள் டீ டம்ளரோடு டிவிக்குக் கீழே கூடியிருந்தார்கள். டிவியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மொபெட் கிளம்பிவிட்டது.

“ஏனுங்க, டிவி இன்னும் எந்திரிக்கலீங்களா? காப்பி வேணா குடுத்துப் பாருங்க!” என்று ஒருவர் குரல் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர், “நேத்து பூசணிக்கா சின்னதா வாங்கிப்போட்டாரு போல” என்றார். சித்தப்பா பையன் ஒரு கட்டு வெள்ளைச் சீட்டோடு வந்து, எங்களுக்குத் தெரிகிறமாதிரி அதை மேசையில் வைத்துவிட்டு, பேனாவை உதறிப் பார்த்தான்.

நான் கம்ப்யூட்டரில், என்ன ஊகித்தாய் என்று கேட்டு ப்ளானரின் வாயைத் திறந்தேன். வந்தது ஒரே பத்தி. நடுவில் இருந்தது: எதிர்பார்க்கும் பதிவுகள், ஒன்று.

சிரித்துவிட்டேன். சின்னச் சிரிப்பு இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு வெளியேயும் கேட்டிருக்கிறது.

“என்ன அம்மணி சிரிக்கறீங்க?” பின்னால் சுமதியின் அப்பா. குரலில் சுண்டல் கொடுத்த அன்பு இல்லை. “இங்க வண்டி நிக்குது, ஏவாரி நிக்கறாங்க. உங்களுக்குச் சிரிப்பு வருது. போதுமுங்க. டேய், ஏணி எடுத்தா. டிவிய எறக்கு.”

“அப்பா, ஒரு நிமிசமுங்க” என்றார் சுமதி.

“எத்தன ஒரு நிமிசம் கண்ணு?”

திரையில் தெரிந்ததைப் படம் எடுத்துக்கொண்டு, எண்ணச் சொல்லும் கட்டளையை அடித்தேன். அவசரத்தில் முதல் தடவை தப்பாக அடித்தேன். இரண்டாம் தடவை போனது. எண்ணத் தொடங்கியது. ஏணி வந்தது. சுவரில் சாய்த்தார்கள். ஒருவர் முதல் படியில் கால் வைத்தார். சுமதி ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். விழாமல் இருக்கப் பிடித்தாரா, ஏறாமல் இருக்கப் பிடித்தாரா என்று இன்றுவரை சொல்லவில்லை. எண்ணி முடிந்தது. ஓடிக்கொண்டிருந்த கேள்வியை நிறுத்தி, புதிதாகக் கேட்கவிட்டேன்.

வட்டம் மறைந்தது. வண்டி, பேர், மூட்டை. வரிசையாக, பக்கம் பக்கமாக. பஸ் வந்துவிட்டது.

ஏணிமேல் இருந்தவர் இறங்கினார். சுமதியின் அப்பா டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வாசலில் உடைந்து கிடந்த பூசணியைப் பார்த்தார். “சாமி கொஞ்சம் லேட்டாக் கேட்டிருக்குது” என்றார்.

அதற்குப் பிறகுதான் நிஜமான சண்டை, லீடோடு. கடைசி நாளை மட்டும் பார்க்காமல் சமீபத்திய நாட்கள் பலவற்றைப் பார்த்து, அதில் நடுவாந்திரமானதை எடுக்கலாம் என்றேன். சந்தேகம் இருந்தால் பஸ்ஸையே அனுப்பலாம் என்றேன். “ஒருத்தர் வந்தாலும் பஸ்ஸா? டீசல் வேஸ்ட்டுங்க” என்றார். ஒருத்தரைப் பஸ்ஸில் ஏற்றினால் டீசல்தான் போகும், கல்யாண கோஷ்டியை மொபெட்டில் ஏற்றினால் முகூர்த்தமே போகும் என்றேன். அவர் யோசித்தார். ப்ளானரில் கை வைக்கும்போது நீங்களும் இதையே யோசியுங்கள். ஊகம் எப்படியும் தப்பும், எந்தப் பக்கம் தப்பினால் தாங்கும் என்பதுதான் கேள்வி. அவசரப்பட்டு வெளியிடவும் இல்லை. எல்லா வாடிக்கையாளர்களின் கேள்விகளையும் ஓட்டிப் பார்த்ததில், நிஜமாகவே நாளுக்கு ஒரு பதிவு மட்டும் போடும் ஒரு மில் மெதுவானது தெரிந்தது. அதையும் சரிசெய்துதான் அனுப்பினோம்.

திருத்தம் அடுத்த அமாவாசைக்குள் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று பூஜை நடந்தது, பிள்ளையார் பேரில் ஒரு கிலோவும் ஏறியது. மறுநாள் விடிந்ததும் வண்டிகள் வந்து நிற்க, யாரும் எதையும் தொடவில்லை. டிவி அது பாட்டுக்கு ஓடியது.

அந்த வாரம் லீட் மொட்டையோடு ஆபீஸ் வந்தார். மருதமலைக்குப் போய்வந்தாராம்.

“பழைய வேண்டுதலுங்க. ரொம்ப நாளாத் தள்ளிப் போயிட்டே இருந்துச்சு.”

“என்னன்னு வேண்டிக்கிட்டீங்க?”

“ப்ளானர்ல பக் இருக்கக் கூடாதுன்னு” என்றார்.

நம் சோதனைத் தொகுப்பில் ‘பிள்ளையார் ஒரு கிலோ’ என்று ஒரு சோதனை இருக்கிறது. குப்பை டேட்டா என்று நினைத்து அதை யாரும் துடைத்துவிடாதீர்கள். அமாவாசைக்கு அமாவாசை மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு பை கிழங்கும் பிரசாதமாக வரும். கேன்டீனில் கொடுத்தால் போண்டா போடுவார்கள். லீடுக்கு இரண்டு வையுங்கள், முடி மறுபடி வளர்ந்துவிட்டது.

சுமதியின் அப்பாவிடம் காரணத்தை இன்றுவரை யாரும் சொல்லவில்லை. டிவி தானாக ஓடியதற்கு அடுத்து வந்த அமாவாசையன்று சுமதி போன் செய்தார்.

“இப்பெல்லாம் எப்புடி நிக்காம ஓடுதுன்னு அப்பா கேட்டாருங்க.”

“என்ன சொன்னீங்க?”

“சாமிக்கு இந்தப் பொட்டி பழகிப்போச்சுங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்தாரு. ‘அப்பொ இனிமே சாமி பில்ல நீயே போடு கண்ணு’ன்னு எந்திரிச்சு அந்தச் சேரை எனக்கு உட்டுட்டாரு.”

“சித்தப்பா பையன்?”

“பூசணிக்கா உடைக்கறானுங்க.”

நாற்காலிகள் இப்படியும் கைமாறும். என்னுடையதில் இடப்பக்கம் மட்டும் சாயாதீர்கள்.